தேர்வு எழுதியே கல்லூரி கிரெடிட் வாங்கலாமா? அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெற பொதுவாக 120 கிரெடிட் (படித்த பாடங்களை அளக்கும் அலகு) தேவை. ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். ஆய்வகம் சேர்ந்தால் 4. இவற்றில் ஒரு பகுதியை, வகுப்பில் உட்காராமல் தேர்வு மட்டும் எழுதிப் பெற்றுக்கொள்ளலாம். கோடை விடுமுறை நெருங்கினாலே இதைப் பற்றிய கேள்விகள் குவியும். திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கிரெடிட் கொடுப்பது யார்? காலேஜ் போர்டா, கல்லூரியா?

கல்லூரிதான். தேர்வுகளை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டு மதிப்பெண் தரும், அதோடு அதன் வேலை முடிந்தது. அமெரிக்கக் கல்வி கவுன்சில் (ஏ.சி.இ.) இந்தத் தேர்வுகளை ஆராய்ந்து, இத்தனை மதிப்பெண்ணுக்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்கிறது. அது வெறும் பரிந்துரை. ஏற்பதும் தள்ளுவதும் கல்லூரியின் விருப்பம். ஒரே கல்லூரிக்குள்ளேயே கலைத்துறை ஏற்பதைப் பொறியியல் துறை ஏற்காமல் போகலாம். எனவே “மகன் தேர்வில் 5-க்கு 5 வாங்கிவிட்டான், எத்தனை கிரெடிட் கிடைக்கும்?” என்று கேட்பவர்களிடம், எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

என்னென்ன தேர்வுகள் இருக்கின்றன?

அதிகம் பேர் எழுதுவது ஏ.பி., அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே மே மாதத்தில் எழுதுவது. மதிப்பெண் 1 முதல் 5 வரை, ஜூலையில் வெளியாகும். 1956 முதல் நடக்கும் பழைய தேர்வு இது.

அடுத்தது கிளெப். இதையும் காலேஜ் போர்டுதான் 1967 முதல் நடத்துகிறது. வயது வரம்போ, வகுப்புக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோ இல்லை. ஆண்டு முழுவதும் கணினியில் எழுதலாம். 34 பாடங்கள் உண்டு. டி.எஸ்.எஸ்.டி. கிளெப்பைப் போன்றதுதான். ராணுவத்தினருக்காகத் தொடங்கி இப்போது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. கிளெப்பில் இல்லாத சில பாடங்கள் இதில் கிடைக்கும்.

ஐ.பி. என்ற பன்னாட்டுப் பள்ளித் திட்டத்தின் உயர்நிலைப் பாடங்களுக்கும் பிரிட்டிஷ் முறை ஏ-லெவலுக்கும் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ ஏ-லெவல் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள்.

கடைசியாக, கல்லூரித் துறைகள் தாங்களே வைக்கும் தேர்வு. விளம்பரமே இல்லாத வழி இது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரி இணையதளத்தில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலான அட்டவணைகளில் தேர்வின் பெயர், வேண்டிய மதிப்பெண், கிரெடிட் எண்ணிக்கை, ஈடான பாடம் என்று நான்கு பத்திகள் இருக்கும். எல்லோருடைய கண்ணும் மூன்றாவது பத்திக்கே போகும். நீங்கள் நான்காவதைப் பாருங்கள்.

அங்கே ஒரு குறிப்பிட்ட பாட எண் இருந்தால் நல்லது. “கணிதம் 101” என்று இருந்தால், அந்தப் பாடத்தை நீங்கள் முடித்ததாகவே கணக்கு. எண்ணின் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகள் இருந்தாலோ “பொது விருப்பப் பாடம்” என்று இருந்தாலோ, 120-இல் அது எண்ணிக்கைக்கு மட்டும் சேரும். கட்டாயப் பாடம் எதையும் குறைக்காது. பொறியியல் மாணவருக்கு விருப்பப் பாடங்களுக்கான இடமே மிகக் குறைவு. உளவியலிலும் மனிதப் புவியியலிலும் ஏ.பி. எழுதி 6 கிரெடிட் சேர்த்துவிட்டு, நான்கு ஆண்டுத் திட்டத்தில் ஒரு பாடம்கூடக் குறையவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. கிரெடிட் என்னவோ கிடைத்தது, போட்டுவைக்க இடமில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சில கல்லூரிகள் கிரெடிட் தராமல் பிளேஸ்மென்ட் மட்டும் தரும். அதாவது முதல் பாடத்தைத் தாண்டி அடுத்ததில் சேரலாம், ஆனால் மொத்தம் 120-ஐ வேறு பாடங்களால் நிரப்பியே ஆக வேண்டும். வேறு சில, அந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம் என்ற விலக்கு மட்டும் தரும். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பணக்கணக்கில் வேறு வேறு.

ஏ.பி.-யில் 3 வாங்கினால் போதுமா?

மாநிலத்தைப் பொறுத்தது. இலினாயில் 2016-17 கல்வியாண்டு முதல் அரசுக் கல்லூரிகள் 3-க்குக் கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓஹையோ அரசுக் கல்லூரிகளிலும் 3 போதும். டெக்சஸிலும் 2015-இல் சட்டம் வந்தது. ஆனால் அங்கே கல்லூரி தக்க சான்றுகளைக் காட்டி, ஒரு பாடத்துக்கு அதைவிடக் கூடுதல் மதிப்பெண் வேண்டும் என்று நிர்ணயிக்க இடம் விட்டிருக்கிறார்கள். சட்டம் இருந்தாலும் அந்த 3 எந்தப் பாடத்துக்கு ஈடாகிறது என்று பார்க்காமல் மகிழ வேண்டாம்.

தனியார் கல்லூரிகளில், அதிலும் பெயர்பெற்றவற்றில், கதை தலைகீழ். டார்ட்மத் கல்லூரி 2018-இல் பட்டம் பெற வேண்டிய வகுப்பிலிருந்து ஏ.பி.-க்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. பிளேஸ்மென்ட் மட்டும் தருகிறது. பிரவுனும் பட்டத்துக்கான கணக்கில் ஏ.பி.-யைச் சேர்ப்பதில்லை. கால்டெக் ஏ.பி.-க்குக் கிரெடிட் தருவதே இல்லை. எம்.ஐ.டி.-யில் கால்குலஸ் பி.சி. என்ற ஏ.பி. தேர்வில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் உண்டு. வேதியியலில் 5 வாங்கினாலும் ஒன்றும் கிடையாது. எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே கிரெடிட்டை மனத்தில் வைத்து எட்டு, பத்து ஏ.பி. எழுத வைக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு அவை உதவலாம். கட்டணத்தைக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

உண்மையில் பணம் மிச்சமாகுமா?

இந்த இடத்தில் பலரும் தவறாகவே கணக்குப் போடுகிறார்கள். நான்காண்டு அரசுக் கல்லூரியில் அந்த மாநில மாணவருக்கு 2024-25இல் சராசரிக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 11,600 டாலர். அதை 30 கிரெடிட்டால் வகுத்தால், ஒரு கிரெடிட் 390 டாலர் அளவில் வரும். 3 கிரெடிட் பாடம் ஒன்று ஏறக்குறைய 1,160 டாலர், 99 டாலர் ஏ.பி. தேர்வில் அது முடிந்துவிடுகிறதே என்று தோன்றும்.

ஆனால் பல கல்லூரிகளில் பருவத்துக்கு 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். 15 கிரெடிட் எடுக்க வேண்டியவர் 12 எடுத்தாலும் பில் மாறாது. ஒரு முழுப் பருவம் குறைந்தால்தான் பணம் மிஞ்சும். அதற்கு ஏறக்குறைய 15 கிரெடிட், அதுவும் உங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்தும் 15 கிரெடிட் வேண்டும். அப்படியும் பொறியியலில் ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாகப் பாடங்கள் போகும். சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள கால்குலஸையும் இயற்பியலையும் தாண்டாமல், வரலாற்றில் 9 கிரெடிட் வைத்திருந்தாலும் பட்டம் விரைவாக வராது.

இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியிலோ பகுதிநேரப் படிப்பிலோ கிரெடிட் கணக்கில்தான் கட்டணம். அங்கே தேர்வில் பெற்ற ஒவ்வொரு பாடமும் நேரடியாக மிச்சம். கிளெப் எழுதுவதற்கு மிகவும் ஏற்ற இடம் அதுவே என்பது என் கருத்து.

ஆண்டுதோறும் 30 கிரெடிட் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் உதவித்தொகைகளும் உண்டு. தேர்வில் பெற்றது அந்தக் கணக்கில் சேருமா என்று நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிளெப் தேர்வு எப்படி இருக்கும்?

பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரம், கொள்குறி வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. நீட் எழுதிய பழக்கத்தில் தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டாம், எல்லாவற்றுக்கும் விடை குறியுங்கள். மதிப்பெண் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் வரும். ஏ.சி.இ. பரிந்துரை 50, இரண்டாம் நிலை மொழிப் பாடங்களுக்கு மட்டும் அதைவிடக் கூடுதல். இந்த 50 என்பது நூற்றுக்கு ஐம்பது என்று பொருள்படாது.

தேர்வுக் கட்டணம் 100 டாலரை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் தேர்வு மையம் தன் பங்குக்கு ஒரு தொகை வாங்கும். மையத்துக்கு மையம் அது மாறுபடும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

தேர்வுக்கு முன் மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று கேட்பார்கள். அப்போது குறிப்பிட்டால் இலவசம். சந்தேகம் இருந்தால் வெறுமையாக விடுங்கள். பிறகு பணம் கட்டி அனுப்பிக்கொள்ளலாம். கடைசிக் கேள்வி முடிந்ததும், மதிப்பெண்ணைப் பார்க்கிறீர்களா, ரத்து செய்கிறீர்களா என்று திரை கேட்கும். பார்த்துவிட்டால் ரத்து செய்ய முடியாது. ரத்து செய்துவிட்டால் பணம் திரும்ப வராது. ‘பார்க்கிறேன்’ என்று அழுத்திய அடுத்த நொடியே எண் தெரிந்துவிடும். கட்டுரை எழுத வேண்டிய தேர்வுகள் மட்டும் விலக்கு. அவற்றைப் பேராசிரியர்கள் திருத்த வேண்டும் என்பதால் சில வாரங்கள் ஆகும்.

கிளெப்பை இலவசமாக எழுதலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இணையத்தில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது. ஒரு பாடத்தை முடித்தால் அந்தத் தேர்வுக்கான கட்டணச் சீட்டையும் தருகிறது. பாடங்களின் தரம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றுக்கு நூலகத்திலிருந்து ஒரு பாடநூலும் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு அரசே முதல் முயற்சியின் கட்டணத்தை ஏற்கிறது.

துறைத் தேர்வு என்றால் என்ன? யார் எழுதலாம்?

பாடத்தை நடத்தும் துறையே தேர்வு வைத்து, தேறினால் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருவது. ‘சேலஞ்ச் எக்ஸாம்’, ‘புரொஃபிஷியன்சி எக்ஸாம்’, ‘கிரெடிட் பை எக்ஸாமினேஷன்’ என்று இடத்துக்கு ஒரு பெயர். இதன் சிறப்பே, ஈடான பாடம் எது என்ற தொல்லை இல்லாததுதான். கால்குலஸ் இரண்டுக்குத் தேர்வு எழுதினால் கால்குலஸ் இரண்டு முடிந்தது.

எம்.ஐ.டி.-யில் இது ஊன்றிய வழக்கம். முதலாண்டு மாணவர்கள் வளாகத்துக்கு வந்ததும், வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே இயற்பியல், பலமாறி கால்குலஸ் போன்ற பாடங்களுக்கு இந்தத் தேர்வை எழுதலாம். ஏ.பி. வேதியியலில் 5 வாங்கியும் ஒன்றும் கிடைக்காதவருக்கு அங்கே இதுதான் வழி. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலும் மாநில விதிப்படியே இந்த முறை உண்டு. கிரெடிட் தேர்வின் மூலம் பெறப்பட்டது என்று மதிப்பெண் சான்றில் குறிப்பிடுவார்கள். அந்தக் கல்லூரியிலேயே படித்து முடிக்க வேண்டிய குறைந்தபட்ச 12 கிரெடிட்டில் அது சேராது.

நடைமுறை எப்படி? பதிவாளர் அலுவலகத்தில் ஒரு படிவம் வாங்க வேண்டும். அதில் பாடத்தை நடத்தும் ஆசிரியர் கையெழுத்திட வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும், கட்டணம் கட்டிய ரசீதை இணைக்க வேண்டும். ஆசிரியர் முதலில் தயங்குவார். கேள்வித்தாள் தயாரித்துத் திருத்துவது அவருக்குக் கூடுதல் வேலை. “எனக்கு இது தெரியும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் எடுபடாது. அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு அலகுக்கும் நேராக நீங்கள் எங்கே, எந்த நூலில் படித்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ படித்தவர் பழைய மதிப்பெண் சான்றையும் கொண்டுபோகலாம். பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்று பார்க்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள், பலர் தருவார்கள்.

கட்டுப்பாடுகளும் உண்டு. பெரும்பாலும் நீங்கள் அந்தக் கல்லூரியின் மாணவராக இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை ஏற்கெனவே எடுத்துத் தோற்றிருக்கக் கூடாது. அதைவிட மேல்நிலைப் பாடத்தை முடித்துவிட்டுக் கீழ்ப்பாடத்துக்குத் தேர்வு கேட்டால் மறுப்பார்கள். ஆய்வகம், பேச்சுப் பயிற்சி, செவிலியர் பயிற்சி போன்றவற்றுக்கு இந்த வழி அநேகமாகக் கிடையாது.

தோற்றுவிட்டால் சான்றில் ஏறிவிடுமா?

கிளெப், டி.எஸ்.எஸ்.டி.-யில் தோற்றால் கல்லூரிச் சான்றில் எதுவும் வராது. கிளெப்பை மூன்று மாதம் கழித்தும், டி.எஸ்.எஸ்.டி.-யை 30 நாள் கழித்தும் மீண்டும் எழுதலாம். ஏ.பி.-யை அடுத்த மே மாதம் எழுதலாம். துறைத் தேர்வில்தான் எச்சரிக்கை தேவை. சில இடங்களில் தோல்வியும் மதிப்பெண்ணாகப் பதிவாகிறது, பெரும்பாலும் ஒரே வாய்ப்புதான். படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

மகள் டாக்டராக விரும்புகிறாள். உயிரியலில் 5 வாங்கியிருக்கிறாள். கல்லூரியில் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடலாமா?

தாண்டலாம், ஆனால் உயிரியலையே தாண்டக் கூடாது. அடிப்படைப் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் பல உண்டு. கல்லூரி வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்பார்கள். முதல் பாடத்தைத் தாண்டினால் அதற்கு மேலான உயிரியல் பாடங்களை எடுத்து ஈடுகட்ட வேண்டும். வேதியியலில் இன்னும் கவனம் வேண்டும். பொது வேதியியலைத் தாண்டி, கல்லூரியின் முதல் பருவத்திலேயே கரிம வேதியியலில் உட்காரும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவர்கள் ஓராண்டு கல்லூரி ஆய்வகத்தில் பழகியவர்கள் என்பதை அப்போதுதான் உணரும். கிரெடிட்டை மறுத்துவிட்டு அதே பாடத்தைக் கல்லூரியில் எடுக்கவும் பல இடங்களில் அனுமதி உண்டு. மருத்துவத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

தமிழுக்குக் கிரெடிட் உண்டா?

ஏ.பி.-யிலும் கிளெப்பிலும் தமிழ் இல்லை. ஆனால் ஆக்ட்ஃபல் என்ற மொழி ஆசிரியர் அமைப்பு நடத்தும் வாய்மொழித் திறன் நேர்காணல் தமிழில் உண்டு. அதில் பெறும் நிலைக்கு ஏற்ப ஏ.சி.இ. கிரெடிட் பரிந்துரைக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியில் உங்களோடு உரையாடுவார். தொடக்கம் எளிதாகவே இருக்கும்: வீடு, பள்ளி, நண்பர்கள். பிறகு “உங்கள் ஊரில் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது, அரசு தலையிட வேண்டுமா?” என்பது போன்ற கேள்விகளுக்கு மெல்ல ஏற்றிச் செல்வார். அம்மாவிடம் பசிக்கிறது, தூக்கம் வருகிறது என்ற அளவில் பேசும் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் மேல்வகுப்பு வரை படித்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு.

இருமொழித் திறனுக்குப் பல மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளிச் சான்றிலேயே முத்திரை தருகின்றன. இலினாயிலும் மினசோட்டாவிலும் அந்த முத்திரையை அரசுக் கல்லூரிக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழே கற்பிக்கப்படுகிறது. அத்தகைய இடத்தில் சேர்ந்தால் முதலில் தமிழாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பட்டத்துக்குத் தேவையான அயல்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெற, தேர்வு வைக்கக்கூடியவர் அங்கேயே இருக்கிறார்.

தமிழ்நாட்டில் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது வயது 38. எனக்கு இதனால் பயன் உண்டா?

பதினேழு வயதுப் பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான் அதிகப் பயன். பெரியவர்களுக்காகவே 1970-களின் தொடக்கத்தில் உருவான மூன்று கல்லூரிகள் இருக்கின்றன: நியூயார்க்கின் எக்ஸெல்சியர், நியூஜெர்சியின் தாமஸ் எடிசன், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக். மற்றக் கல்லூரிகள் கால் பங்கையாவது தங்களிடம் படிக்கச் சொல்லும்போது, இவை வெளியில் பெற்ற கிரெடிட்டை மிகத் தாராளமாக ஏற்கின்றன. தாமஸ் எடிசனுக்கு டிசெப் என்ற சொந்தத் தேர்வு வரிசையும் உண்டு.

முதல் வேலை, ஊரில் முடித்த பருவங்களின் மதிப்பெண் சான்றுகளை வரவழைத்து, அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் பாடவாரியாக மதிப்பிடச் செய்வது. எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கிளெப் அதற்குப் பிறகு. ஊரில் படித்த பொருளாதாரத்துக்கு மதிப்பீட்டில் கிரெடிட் கிடைத்திருக்கும்போது அதே பாடத்தைக் கிளெப்பிலும் எழுதினால் இரண்டு முறை கிடைக்காது. ஒரு பாடத்துக்கு ஒரு முறைதான் கிரெடிட், எந்த வழியில் வந்தாலும்.

சி.பி.ஏ. என்ற கணக்காளர் உரிமத்துக்கு 150 கிரெடிட் வேண்டுமாம். பி.காம். படித்த எனக்குக் குறைகிறது. கிளெப்பால் நிரப்பலாமா?

பல மாநிலங்களில் முடியும். ஆனால் கிளெப் மதிப்பெண்ணை நேரடியாக மாநிலக் கணக்கியல் வாரியத்துக்கு அனுப்பினால் போதாது. ஒரு கல்லூரியின் சான்றில் அது ஏறியிருக்க வேண்டும். கணக்கியல் பாடங்களுக்குத் தேர்வுக் கிரெடிட்டை ஏற்காமல், பொதுப் பாடங்களுக்கு மட்டும் ஏற்கும் வாரியங்களும் உண்டு. ஓஹையோ உள்ளிட்ட சில மாநிலங்கள் இப்போது 150 இல்லாமலே, கூடுதல் பணி அனுபவத்தோடு உரிமம் பெறும் மாற்று வழியைத் திறந்திருக்கின்றன. முதலில் உங்கள் மாநில விதியைப் படியுங்கள், தேர்வுக்குப் பணம் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். தேர்வுக் கிரெடிட் இருந்தால் பருவத்தில் குறைவான பாடங்கள் எடுக்கலாமா?

கூடாது. இளநிலை மாணவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். தேர்வில் பெற்றது அந்த 12-இல் சேராது.

ஏ.பி. நல்லதா, பள்ளியிலிருந்தே கல்லூரிப் பாடம் எடுப்பது நல்லதா?

உள்ளூர் அரசுக் கல்லூரிக்குப் போவது உறுதி என்றால் கல்லூரிப் பாடம். ஒரே நாளின் தேர்வை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாடத்தில் வாங்கும் மதிப்பெண் நிரந்தரக் கல்லூரிச் சான்றில் ஏறும். பதினாறு வயதில் வாங்கிய சி கிரேடு, மேற்படிப்பு விண்ணப்பத்திலும் கூட வரும். தேர்வில் பெற்ற கிரெடிட்டுக்கு அந்தச் சுமை பெரும்பாலும் இல்லை.

எப்போது பதிவு செய்ய வேண்டும்? பழைய மதிப்பெண்கள் செல்லுமா?

மே மாத ஏ.பி.-க்குப் பள்ளியில் நவம்பர் நடுப்பகுதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தவறினால் 40 டாலர் கூடுதல். பள்ளியில் ஏ.பி. வகுப்பு இல்லாவிட்டாலும் தேர்வை மட்டும் வேறு பள்ளியில் எழுதலாம், அதற்குச் செப்டம்பரிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் காலேஜ் போர்டு 37 டாலர் குறைக்கிறது. பள்ளி ஆலோசகரிடம் கேட்டால்தான் நடக்கும்.

ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு ஏ.பி. மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். ஜூன் 20-க்குள் குறிப்பிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்கள் சேரப்போகும் கல்லூரிக்கே அதைப் பயன்படுத்துங்கள். முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களும் அதோடு போய்விடும். கிளெப் மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டு 20 ஆண்டுகள் வைத்திருக்கும். அனுப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சில கல்லூரிகளில் மதிப்பெண் வந்து சேர்ந்தாலும், நீங்கள் இணையதளத்தில் போய் “இந்தக் கிரெடிட்டை ஏற்கிறேன்” என்று கோராத வரை அது சான்றில் ஏறாது. முதல் பருவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே கிரெடிட் உள்ள பாடத்தில் தெரியாமல் சேர்ந்துவிட்டால், தேர்வில் பெற்றது பெரும்பாலும் ரத்தாகிவிடும்.